ஜெட் மாற்றினால் பவர் ஏறுமா? பழைய புல்லட்டின் கார்ப்பரேட்டரைப் புரிந்துகொள்வோம்

பழைய புல்லட் வைத்திருக்கும் இரண்டு பேர் டீக்கடையில் நின்றால் கொஞ்ச நேரத்தில் பேச்சு ஜெட்டுக்கு வந்துவிடும். "பெரிய ஜெட் போட்டேன், வண்டி பிச்சிக்கிட்டுப் போகுது" என்பார் ஒருவர். "சின்ன ஜெட் போடுங்க, மைலேஜ் தானா ஏறும்" என்பார் மற்றவர். இரண்டையும் நம்பி நல்ல எஞ்சினைச் சூடேற்றிக் கெடுத்தவர்களும் உண்டு, கரியேற்றிக் கெடுத்தவர்களும் உண்டு. காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம் கார்ப்பரேட்டர். அதற்குள் இருக்கும் ஜெட் என்பது நடுவில் மெல்லிய துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. அது வேலை செய்யும் விதத்தை அரை மணி நேரத்தில் புரிந்துகொள்ளலாம். புரியாமல் மாற்றினால் பிஸ்டன் வரைக்கும் செலவு வைக்கும்.

இங்கே எடுத்துக்கொள்வது வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய புல்லட் 350. போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. அதில் பெரும்பாலும் இருப்பது மிக்கார்ப் விஎம் 24 கார்ப்பரேட்டர். ஜப்பானின் மிக்குனி நிறுவனத்தின் வடிவமைப்பு, சென்னைக்கு அருகே மறைமலை நகரில் யூகால் நிறுவனம் தயாரித்தது. ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அதில் இருப்பதும் இதே ஸ்லைடு வகைதான்.

## கேஸ் அடுப்பில் இருக்கும் ஜெட்

உங்கள் வீட்டு கேஸ் அடுப்பின் குழாய் முனையிலும் ஒரு பித்தளை ஜெட் இருக்கிறது. அதன் நுண்துளை வழியே கேஸ் வேகமாகப் பீறிட்டு வரும்போது, பக்கத்துத் திறப்பிலிருந்து காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பர்னருக்குப் போகிறது. கேஸும் காற்றும் சரியான அளவில் கலந்தால் நீலச் சுடர். காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். காற்று மிகுந்தால் சுடர் பர்னரை விட்டு எழும்பிச் சீறும், சில நேரம் அணைந்தே போகும்.

இப்போது அந்த ஜெட்டின் துளையை மட்டும் பெரிதாக்கினால் என்ன ஆகும்? கேஸ் கூடுதலாக வரும், காற்று அதே அளவில்தான் வரும். சுடர் பெரிதாகத் தெரியும், ஆனால் மஞ்சளாக எரியும். சோறு சீக்கிரம் வேகாது, பானைதான் கறுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாண எரிவாயு அடுப்பின் ஜெட் துளை சாதாரண கேஸ் அடுப்பின் துளையைவிடப் பெரிது. அந்த வாயுவில் வெப்பம் குறைவு, அதனால் அதே சமையலுக்குக் கூடுதல் வாயு வேண்டும். ஆக, ஜெட்டின் அளவை முடிவு செய்பவை இரண்டு: எவ்வளவு காற்று வருகிறது, எந்த எரிபொருள் வருகிறது. இந்த இரண்டில் ஒன்று மாறினால்தான் ஜெட்டுக்கு வேலை.

## எஞ்சின் கேட்கும் கணக்கு

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எடையில் சொன்னால் மனதில் பதியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்குத் தோராயமாக 9,000 லிட்டர் காற்று தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லட் குடிப்பது பெட்ரோல் என்று சொல்கிறோம். அது பெரும்பாலும் குடிப்பது காற்று.

பெட்ரோலும் காற்றும் சேர்ந்ததைத்தான் மெக்கானிக்குகள் மிக்சர் என்கிறார்கள். கணக்கைவிடப் பெட்ரோல் குறைந்த மிக்சர் லீன். பெட்ரோல் கூடிய மிக்சர் ரிச். கட்டுரை முழுக்க இந்த இரண்டு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

14.7 என்பது எல்லா நேரத்துக்கும் பொருந்தும் எண்ணும் அல்ல. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை, ஆகவே ஸ்டார்ட் செய்யும்போது நன்றாக ரிச்சாக வேண்டும். முழு ஆக்சிலரேட்டரில் அதிக பவர் கிடைப்பது 12.5க்கும் 13க்கும் இடையில், அதாவது கொஞ்சம் ரிச்சில். அந்தக் கூடுதல் பெட்ரோல் எரியறையைக் குளிர்விக்கவும் உதவுகிறது. சீராக 50, 60 வேகத்தில் போகும்போது சற்று லீனாக இருந்தால் மைலேஜ் கிடைக்கும். இந்த மூன்று தேவைகளையும், எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாமல், நாலைந்து துளைகளை வைத்தே கார்ப்பரேட்டர் சமாளிக்கிறது. அந்தச் சாமர்த்தியம் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

## கார்ப்பரேட்டருக்குள் நடப்பது

கார்ப்பரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் உண்டு. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் அதில் நிற்கும். அதில் மிதக்கும் ப்ளோட், மட்டம் ஏறியதும் வழியை அடைத்துவிடும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவை வால்வு செய்யும் அதே வேலை. ஆகவே கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் எப்போதும் ஒரே அளவு.

கிண்ணத்துக்கு மேலே காற்று போகும் குழல். விஎம் 24இல் உள்ள 24 அந்தக் குழலின் மில்லிமீட்டர் அளவைக் குறிக்கிறது. குழலின் குறுகலான பகுதியின் பெயர் வென்ச்சுரி. 18ஆம் நூற்றாண்டில் இந்த விளைவை ஆராய்ந்த இத்தாலிய இயற்பியலாளர் ஜோவான்னி பத்திஸ்தா வென்ச்சுரியின் பெயர் அது. குறுகலில் காற்று வேகமெடுக்கும்; வேகமெடுத்த காற்றின் அழுத்தம் குறையும். கீழே கிண்ணத்திலோ சாதாரண வெளிக்காற்றின் அழுத்தம். இந்த வித்தியாசம்தான் பெட்ரோலை ஜெட் வழியே மேலே தள்ளுகிறது. "எஞ்சின் பெட்ரோலை உறிஞ்சுது" என்று பேச்சுக்குச் சொல்லலாம். உள்ளே நடப்பது வெளிக்காற்று அதை மேலே தள்ளுவது.

ஆக்சிலரேட்டரை முறுக்கினால் கேபிள் ஒரு உருளையை மேலே இழுக்கும். அதன் பெயர் ஸ்லைடு. ஸ்லைடு ஏற ஏறக் காற்றுப் பாதை பெரிதாகும். ஸ்லைடின் நடுவில் கூம்பிச் செல்லும் நீண்ட ஊசி தொங்குகிறது, அதுதான் நீடில். ஸ்லைடு கீழே இருக்கும்போது நீடிலின் தடித்த பகுதி பெட்ரோல் வழியை ஏறக்குறைய அடைத்திருக்கும். ஸ்லைடு ஏறினால் மெல்லிய பகுதி வரும், வழி திறக்கும். காற்று கூடும்போது பெட்ரோலும் தானாகவே கூடும்.

இதுவரை பார்த்தது: எஞ்சின் இழுப்பது காற்றை, காற்றின் வேகம் பெட்ரோலைக் கொண்டுவருகிறது, எவ்வளவு பெட்ரோல் என்பதை ஜெட்டும் நீடிலும் கட்டுப்படுத்துகின்றன. எஞ்சினுக்குள் கூடுதலாக ஒரு சொட்டுக் காற்றைக்கூட ஜெட் கொண்டுவராது. கூடுதல் காற்று இல்லாமல் கூடுதல் பவரும் இல்லை.

## எந்த நேரத்தில் எது வேலை செய்கிறது

பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான். "ஜெட் மாத்துங்க" என்று பொதுவாகச் சொல்கிறோம். எந்த ஜெட்?

ஆக்சிலரேட்டர் மூடியிருப்பதிலிருந்து எட்டில் ஒரு பங்கு வரை வேலை பார்ப்பது பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டும், அதனோடு சேரும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூவும். வண்டி நின்று ஓடும் சத்தம், டிராபிக்கில் ஊர்வது, கிளட்ச் விடும் முதல் நொடி எல்லாம் இவற்றின் கையில். எட்டில் ஒன்றிலிருந்து கால் வரை ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும் பகுதி. கால் முதல் முக்கால் வரை நீடில். முக்காலுக்கு மேல் முழுதாகத் திறக்கும் வரை மெயின் ஜெட். எல்லைகள் கோடு போட்டதுபோல் இராது, ஒன்றோடொன்று கலந்தே வரும்.

இப்போது உங்கள் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். புல்லட்டில் அலுவலகம் போய் வருபவர் முக்காலுக்கு மேல் ஆக்சிலரேட்டரைத் திருப்புவது எத்தனை முறை? நூற்றில் தொண்ணூறு பேர் நாளெல்லாம் பைலட் ஜெட்டிலும் நீடிலிலும்தான் ஓட்டுகிறார்கள். அவர்கள் மைலேஜுக்காக மெயின் ஜெட்டைச் சிறிதாக்கினால் மைலேஜில் கண்ணுக்குத் தெரிய எதுவும் மாறாது. ஒருநாள் பைபாஸில் முழுதாக முறுக்கிப் பத்து நிமிடம் போகும்போது மட்டும் வித்தியாசம் தெரியும்: எஞ்சினுக்குத் தேவையான பெட்ரோல் கிடைக்காமல் கொதிக்கும். பிஸ்டன் ஜாம் ஆவதற்கு இது ஒரு முக்கியமான வழி. சின்ன மெயின் ஜெட் யோசனையை யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பிரச்சினை எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. ஆக்சிலரேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப், பக்கத்து ஸ்விட்ச் கூட்டில் இன்னொரு டேப். மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுது என்று பேனாவால் கோடு போடுங்கள். ஓட்டும்போது வண்டி திணறும் இடம் எந்தக் கோட்டில் என்று பாருங்கள். கியரும் வேகமும் எதுவாக இருந்தாலும் கவலையில்லை, கோடுதான் முக்கியம். முதல் கியரில் அரைக் கோட்டில் திணறினாலும் நான்காவது கியரில் அரைக் கோட்டில் திணறினாலும் பார்க்க வேண்டியது நீடிலைத்தான்.

## நம்பர் சொல்வது என்ன

ஜெட்டின் மேல் எண் பொறித்திருக்கும். கெய்ஹின் என்ற இன்னொரு கார்ப்பரேட்டர் கம்பெனியின் ஜெட்டில் அது துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் பங்காகச் சொல்கிறது. 100 என்றால் 1.00 மி.மீ. மிக்குனியின் அறுகோணத் தலை மெயின் ஜெட்டில் எண் குறிப்பது துளையை அல்ல, அதன் வழியே பாயும் எரிபொருளின் அளவை. ஆகவே ஒரு கம்பெனியின் 100ஐ இன்னொரு கம்பெனியின் 100க்குப் பதிலாகப் போட முடியாது. "நண்பர் வண்டியில 105 போட்டிருக்கார், நானும் அதையே போடறேன்" என்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

எண்ணில் சின்ன மாற்றம் பெட்ரோலில் சின்ன மாற்றம் என்றும் நினைக்கக் கூடாது. விட்டக் கணக்கில் 100இலிருந்து 105க்குப் போனால் துளையின் பரப்பு 10 சதவீதம் கூடிவிடும். ஆகவே ஒரு படி, ஒரு ஓட்டம், பிறகு அடுத்த படி.

ஜெட்டின் துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பித்தளை மென்மையானது, குடைந்த துளை வட்டமாகவும் இராது, வழவழப்பாகவும் இராது, எந்த நம்பர் என்று யாருக்கும் தெரியவும் தெரியாது. அடைப்பு எடுக்கக்கூட எஃகுக் கம்பி வேண்டாம். கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றழுத்தமும் போதும்.

## எப்போது மாற்ற வேண்டும்

கம்பெனி சைலன்சரும் ஏர் ஃபில்டரும் அப்படியே இருந்தால், கம்பெனி ஜெட்டே போதும். காற்று மாறவில்லை, மாற்ற ஒன்றுமில்லை.

சைலன்சரை அடைப்புக் குறைந்த ஒன்றாக மாற்றினாலோ, காற்று எளிதாகப் போகும் ஃபில்டரைப் போட்டாலோ, எஞ்சினுக்குள் காற்று கூடும். பழைய ஜெட்டோடு ஓட்டினால் லீன். அப்போது மெயின் ஜெட்டை ஓரிரு படி ஏற்றி, நீடிலையும் தேவைப்பட்டால் உயர்த்த வேண்டும். இப்படிச் செய்தபின் வண்டி நன்றாக ஓடினால், அந்தப் பவர் ஃபில்டரும் சைலன்சரும் தந்தது. அது வீணாகாமல் பார்த்துக்கொண்டதுதான் ஜெட் செய்த வேலை. (சத்தம் அனுமதித்த அளவை மீறும் சைலன்சருக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் உண்டு. ஃபில்டரே இல்லாமல் ஓட்டுவது தூசியை நேராக சிலிண்டருக்கு ஊட்டுவது. இரண்டுமே என் கணக்கில் மேம்பாடு ஆகாது.)

மலை ஏறினாலும் காற்று மாறும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. சென்னை வண்டி அங்கே ரிச்சாக ஓடும், கொஞ்சம் சோம்பும், பிளக் கறுக்கும். இரண்டு நாள் பயணத்துக்கு ஜெட்டைத் தொட வேண்டியதில்லை. ஊட்டியிலேயே வசிப்பவர் சிறிய ஜெட் போட்டால் நன்றாக இருக்கும். ஆனால் அதே வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக் கோவை வரை விரட்டினால் லீன் ஆகிவிடும். சமவெளி வண்டி மலைக்குப் போவதைவிட மலை வண்டி சமவெளிக்கு வருவதுதான் ஆபத்தான திசை.

எரிபொருளும் மாறியிருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023இல் அறிமுகமாகி இப்போது நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் எரிய வெளிக்காற்று குறைவாகப் போதும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்றால் இ20க்குச் சுமார் 13.5. ஜெட் மாறாத கார்ப்பரேட்டரில் இதன் விளைவு லீன். சாண எரிவாயு அடுப்புக்குப் பெரிய ஜெட் வைத்த அதே நியாயம் இங்கேயும் பொருந்தும். ஆனால் 14.7க்கும் 13.5க்கும் இடையே உள்ள தூரம் 8 சதவீதம்தான். ஏற்கெனவே 10 சதவீத எத்தனாலில் சரியாக ஓடிய வண்டிக்கு வித்தியாசம் அதில் பாதிதான். பல வண்டிகளுக்கு நீடிலை அதன் தலைப்பக்கம் உள்ள வெட்டுகளில் ஒன்று உயர்த்தினாலே போதும். பழைய வண்டிக்கு இ20இன் பெரிய கவலை ஜெட்டைவிட ரப்பர் பாகங்களும் துருவும்தான்: பழைய பெட்ரோல் டியூப், வாஷர்களை எத்தனால் உப்பவைக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். மாதக்கணக்கில் நிறுத்தப்போகும் வண்டியின் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

இதுவரையான சுருக்கம்: காற்று மாறினாலோ எரிபொருள் மாறினாலோ ஜெட்டுக்கு வேலை உண்டு. இரண்டும் மாறாத வண்டியில் திடீரென்று மிஸ்ஸிங் வந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

## கடையில் கேட்கும்போது

"கார்ப்பரேட்டர் கிட் குடுங்க" என்றால் கடைக்காரர் தருவது ரிப்பேர் கிட். அதில் கேஸ்கட், ஓ ரிங், ப்ளோட் வால்வு ஊசி போன்ற தேயும் பாகங்கள் இருக்கும். அது பழுது நீக்கவும் ஒழுகலை நிறுத்தவும். மிக்சரை மாற்றுவதற்கான ஜெட் கிட் வேறு. 1980களிலும் 90களிலும் வந்த பெரிய ஜப்பானிய வண்டிகளுக்கு டைனோஜெட் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் அதை ஒரே பெட்டியாக விற்றன: சில மெயின் ஜெட்டுகள், வெட்டுகள் உள்ள நீடில், ஸ்பிரிங், ஸ்லைடின் துளையைப் பெரிதாக்க ஒரு டிரில் பிட். அந்த வண்டிகளில் வேக்குவத்தால் ஸ்லைடு ஏறும் சிவி வகைக் கார்ப்பரேட்டர். பிறகு வந்த யுசிஇ வகை எஞ்சின் கொண்ட, கார்ப்பரேட்டர் உள்ள கிளாசிக் 350இல் இருக்கும் பிஎஸ் 29உம் சிவி வகைதான். விஎம் 24க்கு ஸ்பிரிங்கும் வேண்டாம், டிரில் பிட்டும் வேண்டாம். தற்போதைய மெயின் ஜெட்டைவிட ஒரு படி, இரண்டு படி பெரியவை, ஒரு படி பெரிய பைலட் ஜெட், புது கிண்ண கேஸ்கட். உதிரியாக வாங்கினால் இதுவே உங்கள் ஜெட் கிட். பழைய ஜெட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் போய் மரையை ஒப்பிட்டு வாங்குங்கள்.

## ஜெட்டைத் தொடும் முன்

ஜெட் கோளாறு என்று வருபவற்றில் பெரும்பகுதி வேறு கோளாறு. பிளக்கில் பொறி வரவைக்கும் பாயின்ட்டின் இடைவெளி மாறியிருக்கும், பொறி வரும் நேரமான டைமிங் தள்ளியிருக்கும், ஏர் ஃபில்டர் சேறாக இருக்கும், டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும். வால்வுகளைத் திறக்கும் டேப்பெட்டைப் பாருங்கள், இந்த எஞ்சினில் வண்டி குளிர்ந்திருக்கும்போது அதன் மேலுள்ள புஷ்ராட் என்ற தண்டு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

முக்கியமாக, கார்ப்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் திருட்டுக்காற்று நுழைகிறதா என்று பாருங்கள். இரண்டையும் இணைக்கும் ஃப்ளேஞ்ச் நட்டுகளை அளவுக்கு மீறி இறுக்கினால் முகம் வளைந்து சந்து விழும். வண்டி ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல், ஓடும்போது அந்த இணைப்பில் மட்டும் கொஞ்சம் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சத்தம் சட்டென்று மாறினால் அங்கே கசிவு. அதை விட்டுவிட்டு ஜெட்டை ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

## மாற்றும் வேலை

எஞ்சின் முழுதாக ஆறியிருக்கட்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள போல்டைத் தளர்த்தி பெட்ரோலைப் பாட்டிலில் பிடியுங்கள்.

கார்ப்பரேட்டரின் மேல்மூடியைத் திருகினால் ஸ்லைடு கேபிளோடு மேலே வரும். எந்தப் பக்கம் வெட்டு என்று கவனியுங்கள். பூட்டும்போது சாய்ந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்க வேண்டும். ஸ்லைடின் காடியும் உள்ளே உள்ள முனையும் பொருந்த வேண்டும். ஸ்லைடிலிருந்து நீடிலை எடுத்தால் அதன் தலைப்பக்கம் வரிசையாக வெட்டுகளும், ஒன்றில் சின்ன கிளிப்பும் தெரியும். கிளிப்பைக் கீழ் வெட்டுக்கு மாற்றினால் நீடில் உயரும், மிக்சர் ரிச் ஆகும். மேல் வெட்டுக்கு மாற்றினால் நீடில் இறங்கும், லீன் ஆகும். கிளிப் போகும் திசையும் நீடில் போகும் திசையும் எதிரெதிர். அனுபவமுள்ளவர்களே இதில் மாறி யோசிப்பார்கள், எனவே நிதானமாகச் செய்யுங்கள்.

கார்ப்பரேட்டரைக் கழற்றி, கிண்ணத்தின் ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். ஜப்பானிய வடிவமைப்பின் பிளஸ் தலை சாதாரண ஸ்க்ரூ டிரைவரோடு சரியாகப் பொருந்தாது; வழுக்கினால் தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை டிரைவர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அழுத்திப் பிடித்து, ஒரே மூச்சில் திருப்புங்கள். கிண்ணம் வந்ததும் நடுவில் தெரிவது மெயின் ஜெட். பக்கத்தில் குழிக்குள் ஒளிந்திருப்பது பைலட் ஜெட். அதன் வெட்டுக்கு அகலம் பொருந்தும் டிரைவர் மட்டும் போடுங்கள். புது ஜெட்டை விரலால் சில சுற்று ஏற்றிவிட்டு, பிறகு மெதுவாக இறுக்குங்கள். பித்தளை மரை, பலம் காட்ட வேண்டிய இடமில்லை.

எல்லாம் பூட்டியதும் டேப்பைத் திறந்து ஐந்து நிமிடம் ஒழுகல் பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுங்கள். ஸ்லைடு "டக்" என்று கீழே வந்து விழ வேண்டும். ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுதாகத் திருப்பியும் இதைப் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொள்ளும் ஸ்லைடோடு வண்டியை வெளியே எடுக்கவே கூடாது.

## சரியாக அமைந்ததா?

முதலில் மெயின் ஜெட். வாகனம் குறைந்த சாலையில், நன்றாகச் சூடேறிய வண்டியில், முழுதாகத் திறந்து போகும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமே கொஞ்சம் மூடுங்கள். வண்டி முன்னைவிடச் சற்று வேகமெடுத்தால் மெயின் ஜெட் சிறிது, அதாவது லீன். முழுதாகத் திறந்ததும் கனத்துத் திக்கித் திணறிக் கரும்புகை விட்டால் பெரிது.

நடுக்கோடுகளில் சந்தேகம் வந்தால் சோக்கை ஓட்டத்திலேயே அரைகுறையாக இழுத்துப் பாருங்கள். விஎம் 24இன் சோக் காற்றை அடைப்பதில்லை, தனி வழியில் கூடுதல் பெட்ரோல் தருகிறது. சோக் போட்டதும் திணறல் குறைந்தால் வண்டி லீன், கூடினால் ரிச். வண்டி குளிர்ந்திருக்கும்போது நன்றாகவும், சூடேறியதும் மோசமாகவும் ஓடினால் அதுவும் ரிச் என்பதற்கான அடையாளம். ஆக்சிலரேட்டரை மூடியதும் சைலன்சரில் படபடவென்று வெடித்தால் பைலட் பக்கம் லீன், அல்லது சைலன்சர் இணைப்பில் காற்று நுழைகிறது. நீலப்புகைக்கும் ஜெட்டுக்கும் சம்பந்தமில்லை. அது ஆயில் எரிவது.

கடைசியாக ஏர் ஸ்க்ரூ. விஎம் வகையில் இது ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும், காற்றைக் கட்டுப்படுத்தும். உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன். (எஞ்சின் பக்கம் ஸ்க்ரூ உள்ள கார்ப்பரேட்டர்களில் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்தும், கணக்கு தலைகீழ்.) மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். சூடான வண்டியில் ஐடில் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, ஐடில் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். ஏறக்குறைய முழுதாக மூடினால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட்டை ஒரு படி ஏற்றுங்கள். மூன்று சுற்று தாண்டியும் போதவில்லை என்றால் ஒரு படி இறக்குங்கள்.

பிளக்கின் நிறம் பார்ப்பது பழைய வழி. வெள்ளையாக வெளுத்திருந்தால் லீன், உலர்ந்த கரி படிந்திருந்தால் ரிச், வெளிர் பழுப்பு சரி. ஈயம் இல்லாத பெட்ரோல் வந்த பிறகு இந்த நிறங்கள் முன்போலத் தெளிவாகப் படிவதில்லை, ஆகவே பிளக்கை மட்டும் நம்பி ஜெட் மாற்றாதீர்கள். அதைவிட நம்பகமான கருவி பெட்ரோல் பங்கில் இருக்கும் புகைப் பரிசோதனை மையம். ஐடிலில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே தருவார்கள். 2000 மார்ச் வரை தயாரான வண்டிக்கு எல்லை 4.5, அதற்குப் பின் வந்த பழைய புல்லட்டுகளுக்கு 3.5. அது எல்லையை ஒட்டி நின்றால் பைலட் பக்கம் ரிச் என்று அர்த்தம். ஐடிலில் மட்டும் அளப்பதால் மெயின் ஜெட்டைப் பற்றி அந்தச் சீட்டு எதுவும் சொல்லாது.

அமைப்பு சரியானதும் மெயின் ஜெட் நம்பர், பைலட் ஜெட் நம்பர், கிளிப் எத்தனையாவது வெட்டில், ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று என்று ஒரு தாளில் எழுதி, கழற்றிய கம்பெனி ஜெட்டுகளோடு சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு டூல் பாக்ஸில் வையுங்கள். அடுத்த முறை வண்டியைத் திறக்கும் மெக்கானிக்கிடம் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள்.